பெயர் சொல்ல விரும்பாத ஒரு வாகனத்துக்காக

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்து, இரண்டு முறையும் அதே பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவன் நான். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிப் பிழைக்கிறேன். என் கூட்டாளி ஜெபின் அருமனையில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். "நீ எழுது மக்கா, தப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்று அவன் தூண்டிவிட்டதால் உட்கார்ந்தேன். ஒரு கார் இன்ஜினுக்குள் கிடக்கிற ரப்பர் வாரைப் பற்றி எவன் படிப்பான் என்று நடுவில் மூன்று தடவை எழுந்தும் போனேன்.

ஆனால் ரீடிங் அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் அந்த வாரைத் தொடாமல் முடியாது.

எங்கள் பக்கத்தில் உங்கள் வயது உங்கள் மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் சம்பளம் உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது ரீடிங் அண்ணனுக்குத் தெரியாமல் இருக்கவே முடியாது.

வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டரில் ரீடிங் எடுப்பது அவருடைய உத்தியோகம். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி. கழுத்தில் ஒரு டார்ச், சட்டைப் பையில் பென்சில், கீழே ஒரு சைக்கிள். கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது. ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கரண்டு மீட்டரைப் பார்த்து முடித்த கண், தானாகப் போர்ட்டிகோவில் நிற்கும் காருக்குப் போய்விடும். பழைய வண்டி என்றால் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பார். புதிய வண்டி என்றால், "ஒருக்கா சாவியத் திருப்புங்க" என்பார். ஏதோ கவர்ன்மெண்ட் உத்தரவு போலிருக்கிறது என்று ஆட்களும் பயந்து திருப்புவார்கள்.

எங்கள் தெருக் கணக்கு டீச்சரிடம் அவர் முதன்முதலாக மாட்டியது எனக்கு நேரில் தெரியும். ரிட்டயர் ஆகிப் பல வருஷமான பிறகும் தெருவில் யாரைப் பார்த்தாலும் பதினேழாம் வாய்ப்பாடு கேட்பது மாதிரி முகம் வைத்திருக்கும் டீச்சர் அவர்.

"டீச்சர், கரண்டு முந்நூத்திப் பத்து யூனிட்டு. வண்டி எழுவத்தெட்டாயிரத்து நானூறு."

"வண்டிக்கும் இனி பில்லு போடப் போறியளா?"

"அதில்ல டீச்சர். டைமிங் பெல்ட்டு எப்ப மாத்தினிய?"

"எனக்க வண்டியில சீட்டு பெல்ட்டு மட்டுந்தான் உண்டு. அதையும் நான் சரியாட்டு போடுதேன்."

அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அவர் ஸ்டாண்டு போட்டால் அரை மணி நேரம் போனது என்று அர்த்தம்.

"இஞ்சினுக்க ஒரு பக்கத்துல பல்லு வச்ச ரப்பர் வாரு ஒண்ணு ஓடும் டீச்சர். மேல இருந்து வால்வு எறங்கும், கீழ இருந்து பிஸ்டன் ஏறும். இவன் ஏறும்போ அவன் மாறி நிக்கணும். ரெண்டு பேருக்கும் நேரம் சொல்லிக் குடுக்கது இந்த வாருதான். ஓட்டத்துல இது அறுந்துதுண்ணு வச்சுக்கிடுங்க, ரெண்டு பேரும் மண்டையோட மண்ட இடிச்சுச் சாவானுவ. பின்ன இஞ்சின எடைக்குத்தான் போடணும்."

"அறுந்து போவதுக்கு முன்னால ஏதாவது சத்தம் கித்தம் வருமில்லியா?"

அண்ணனின் குரல் தழுதழுத்தது. "அதுதான டீச்சர் கொடும! பிரேக்கு தேஞ்சா கீச்சுண்ணு கத்தும். டயரு மொட்டையானா கண்ணுக்குத் தெரியும். பாட்டரி போறதுக்கு முன்னால காலையில ரெண்டு நாளு மொனங்கும். இந்தப் பெல்ட்டு மட்டும் வாயத் தொறக்காது. கடைசியில சிலது டிக்கு டிக்குண்ணு ஒரு சத்தம் காட்டும், சிலது அதுகூடக் காட்டாது. புக்குல போட்ட கிலோமீட்டரு, இல்லேண்ணா புக்குல போட்ட வருஷம், எது முந்தி வருதோ அண்ணைக்கு மாத்திரணும். சொல்லத் தெரியாததுக்கு நம்மதான டீச்சர் கணக்கு வைக்கணும்?"

கணக்கு என்ற சொல்லுக்கு டீச்சர் கொஞ்சம் இளகினார். ஆனாலும் மாற்றவில்லை.

எல்லாக் காரிலும் இந்த வார் கிடையாது. சில வண்டிகளில் இரும்புச் செயின். செயின் வண்டிக்காரர்களை அண்ணன் மதிப்பதே இல்லை. கரண்டு கனெக்‌ஷன் வாங்காத வீட்டைத் தாண்டுவது மாதிரி தாண்டிப் போவார்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று நான் ஒருநாள் நோண்டினேன். அவருடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளை கார், ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் பெல்ட் அறுந்து நின்றுவிட்டதாம். சர்ச்சில் பெண் காத்திருக்கிறது. வந்த ஒரே வண்டி, ஒட்டுப்பால் ஏற்றிய டெம்போ. ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த மிச்சத்தைத்தான் ஒட்டுப்பால் என்போம். அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் பாக்கியவான்கள். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்து போய் இறங்கியிருக்கிறார். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அண்ணி மூக்கில் கைக்குட்டை வைத்திருப்பார். ஆனந்தக் கண்ணீர் என்று அண்ணன் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

சரி, வாயால் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அண்ணன் அடுத்து கையில் எடுத்தது சபையின் ஜெபப் பெட்டியை.

எங்கள் சர்ச் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. வியாதி, பரீட்சை, விசா என்று அவரவர் பாரத்தைச் சீட்டில் எழுதிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை போதகர் எடுத்து வாசிப்பார். சபையே கண்ணை மூடும். அந்த ஞாயிறு போதகர் ஒரு சீட்டைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்தார்:

"கணக்கு டீச்சருடைய வாகனத்தின் டைமிங் பெல்ட்டுக்காக ஜெபிப்போம். அது எண்பதாயிரம் கிலோமீட்டரைக் கடந்து மிகுந்த பலவீனத்தில் இருக்கிறது."

சபை முழுவதும் ஆமென் என்றது. வாசலில் டீச்சரைச் சுற்றிக் கூட்டம். "இப்ப எப்பிடி இருக்கு டீச்சர்?" "மார்த்தாண்டத்துல காட்டினியளா?" டீச்சர் நேராக அண்ணனிடம் வந்தார்.

"எனக்க ஆபரேஷனுக்குச் சீட்டுப் போட்டப்ப இந்த ஆமென்ல பாதிகூட வரல்ல, கேட்டீரா?"

அந்த வாரமே பெல்ட்டை மாற்றினார். மாற்றிய நாளிலிருந்து அண்ணனோடு பேச்சுவார்த்தையையும் நிறுத்தினார்.

அண்ணன் சும்மா இருந்தாரா? மறு மாதம் போதகர் இன்னொரு சீட்டை எடுத்து, "இந்தச் சபையின் போதகருடைய..." என்று தொடங்கி, மீதியை மனதுக்குள் வாசித்து, இருமி, பாட்டு நம்பரைச் சொன்னார். நான் பின் பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கும் ஒருநாள் வரும் என்று அப்போது யார் கண்டது?

என் அக்காவைக் கட்டிய அத்தான் வளைகுடாவில் ஏ.சி. வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. என்னை நம்பி யாரும் ஒரு தேங்காய் வாங்கக்கூட அனுப்பாத காலத்தில், "லீவுக்கு வருகேன், நல்ல பழைய வண்டி ஒண்ணு பாத்து வாங்கிப் போடு மக்கா, உனக்க பொறுப்பு" என்று போனில் சொன்னவர். எனக்கு ஒரு நெஞ்சு விரிந்து இரண்டு நெஞ்சாகிவிட்டது. ஒரு புரோக்கரைப் பிடித்து, டாக்டர் ஓட்டிய வண்டி, நாற்பத்திரண்டாயிரம்தான் ஓடியது என்று ஒன்றை வாங்கினேன். மீட்டரைப் படம் பிடித்து அனுப்பினேன். "கொள்ளாம் மக்கா, நீ தேறிட்ட" என்று அத்தான் பதில் போட்டார். அந்தப் பதிலை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த ரீடிங்குக்கு அண்ணன் வந்தார். மீட்டரைப் பார்த்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். மறுபடி மீட்டர். மறுபடி நம்பர் பிளேட். என் தோளில் கை போட்டு மாமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"மக்கா, நான் அருமனையில ரீடிங் எடுத்துகிட்டிருந்தப்ப இந்த வண்டி அங்க ஒரு வீட்டுல நிண்ணுது. நாலு வருஷத்துக்கு முந்தியே ஒரு லட்சத்து ஆறாயிரம்."

"வேற வண்டியா இருக்கும் அண்ணே. நம்பர் மாறிப் போச்சு உங்களுக்கு."

"எனக்கா?"

என் வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளிலேயே குட்டியானதும் பயங்கரமானதும் அதுதான்.

"மனுஷனுக்கு வயசு கூடிட்டேதான் போவுது மக்கா. வண்டிக்கு மட்டும் எப்பிடிக் கொறையும்? எவனோ மீட்டரத் திருப்பி வச்சு உன் தலையில கெட்டிட்டான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அத்தானுக்குத் தெரியப்படாது. அந்த மனுஷன் என்னய நம்பிச் செய்த மொதக் காரியம் இதாக்கும்."

அண்ணன் என் கையை விலக்கிவிட்டுச் சைக்கிளைப் பிடித்தார். "சொல்ல மாட்டேன். ஆனா பெல்ட்ட மாத்து."

இங்கேதான் சிக்கல். பெல்ட்டை மாற்ற என் கையில் காசில்லை, அத்தானிடம்தான் கேட்க வேண்டும். நாற்பத்திரண்டாயிரம் ஓடிய வண்டிக்கு எதற்குப் புது பெல்ட் என்று அத்தான் கேட்பார். நான் முழிப்பேன். முழித்தால் எல்லாம் வெளியே வரும். ஆகவே ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று துணிந்து முடிவெடுத்தேன்.

அத்தான் வந்தார். இரண்டு மாத லீவு. வந்த பத்தாம் நாள் மழையில் பாசி படிந்த படியில் வழுக்கிக் கணுக்காலை ஒடித்துக்கொண்டார். கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, நடை பழகி, லீவு நீண்டுகொண்டே போனது. அவருடைய விசாவுக்கு ஒரு விதி: ஆறு மாதத்துக்குள் திரும்பப் போய் இறங்காவிட்டால் விசா செத்துப் போகும், வேலையும் கூடவே போகும்.

இதற்கிடையில் வண்டி ஒவ்வொரு கோளாறாகக் காட்டத் தொடங்கியது. காலையில் மூன்று தடவை சாவி திருப்பினால்தான் உயிர் வந்தது. இன்ஜினின் ஓரத்தில், பெல்ட்டை மூடியிருக்கிற கவரின் அடியில், எண்ணெய் கசிந்த ஈரம். ஓடும்போது, அண்ணன் சொன்ன அதே டிக் டிக் சத்தம். அத்தானுக்கு ஏ.சி.யைத் தவிர ஓர் இயந்திரமும் தெரியாது.

"என்னலே சத்தம் அது?"

"டீசல் வண்டி பின்ன எப்பிடி அத்தான் இருக்கும்?" என்று சொல்லி நான் பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அண்ணனின் நிலைமைதான் பரிதாபம். அத்தானைத் தெருவில் கண்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சந்தில் புகுந்துவிடுவார். கடைசியில் பொறுக்க முடியாமல் ஜெபப் பெட்டிக்கே போனார். அந்த ஞாயிறு போதகர் வாசித்தார்:

"பெயர் சொல்ல விரும்பாத ஒரு வாகனத்தின் உள்ளுறுப்புக்காக ஜெபிப்போம். அதன் வயது கர்த்தருக்கும் வேறு இருவருக்கும் மட்டுமே தெரியும்."

எனக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

அத்தான் கிளம்பும் நாள் வந்தது. மறுநாளோடு ஆறு மாதம் முடிகிறது. மத்தியானம் இரண்டு மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். காலை எட்டரைக்குப் பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. பலாப்பழச் சிப்ஸ், மீன் ஊறுகாய், நேந்திரங்காய் வற்றல் என்று வண்டியின் பின்பக்கம் தரையைத் தொட்டது. நான்தான் டிரைவர். சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறேன். அன்றைக்கென்று எங்கள் தெருவில் ரீடிங் எடுக்கிற நாள். சைக்கிள் வந்து வாசலில் நின்றது.

எங்கள் ஊரில் யார் தூரதேசம் போனாலும் வண்டியைச் சுற்றி நின்று ஜெபம் பண்ணித்தான் அனுப்புவோம். ஜெபம் என் அப்பாவுடைய பொறுப்பு. அப்பா முதலில் உலக நாடுகளைத் தொடுவார், பிறகு இந்தியா, பிறகு நம்முடைய ஜில்லா, அதில் மழை, பிறகு சபை, அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். அதுவரை யாரும் கண்ணைத் திறக்கக்கூடாது. திறந்தால், எந்த வயதானாலும், தலையில் குட்டு விழும். ரீடிங் அண்ணனும் டார்ச்சைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு வண்டியின் முன்னால் வந்து நின்றார்.

அப்பா ஆப்பிரிக்காவில் இருக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம்.

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். பானெட் திறந்திருந்தது. ஸ்டீரிங்கின் கீழே இருக்கிற லீவரை, ஜன்னல் வழியாகக் கைவிட்டு அண்ணன் இழுத்திருக்கிறார். மீட்டர் பெட்டிக்காக வைத்திருந்த பத்தாம் நம்பர் ஸ்பானரால் பெல்ட் கவரின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஜெபம் பண்ணுகிற முகம். கை மட்டும் வேறு வேலை. கத்தலாமா என்று யோசித்தேன். கத்தினால் நான் கண் திறந்தது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

அப்பா மழையைத் தாண்டிச் சபைக்கு வந்தார். வீட்டுக்கு வந்தார். ஆமென்.

எல்லாரும் கண்ணைத் திறந்தபோது கவர் அண்ணன் கையில் இருந்தது.

"ஓய்!" அத்தான் அலறினார். "என்னவோய் செய்து வச்சிருக்கீரு? நாளைக்குள்ள நான் அங்க எறங்கலேண்ணா எனக்க பொழப்பு போச்சு, தெரியுமா உமக்கு?"

"தெரிஞ்சதுனாலதான் கழத்தினேன். இஞ்ச வந்து பாரும்."

பார்த்தோம். வாரின் முதுகு பாத்திரம் மாதிரி பளபளத்தது. ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. குறுக்கே விரிசல். வரிசையாக மூன்று பல் இல்லை. அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

"இது ஏர்போர்ட்டு வர போவும்ணும் சொல்ல முடியாது, இந்தக் கேட்டத் தாண்டும்ணும் சொல்ல முடியாது" என்றார் அண்ணன்.

அத்தான் வாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார். "ஓய், நாப்பத்தஞ்சாயிரம் ஓடின வண்டியில பெல்ட்டு இப்பிடி ஆவுமா? உமக்குத்தான் எல்லா வண்டிக்க கணக்கும் தெரியுமே. சொல்லும், இது எத்தன ஓடினது?"

ஜீவிதத்தில் ஒரு ரீடிங்கைக்கூடத் தப்பாகச் சொல்லாத மனுஷன். நான் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மீட்டர்ல," என்றார் அண்ணன், "நாப்பத்தஞ்சாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு காட்டுது."

"பின்ன?"

"ரப்பருக்குக் கிலோமீட்டரு மட்டும் இல்ல வோய், வருஷமும் உண்டு. ஓடினாலும் சரி, நிண்ணாலும் சரி, அதுக்கு வயசாவும். இதுக்க வருஷம் முடிஞ்சு போச்சு. பயலச் சொல்லிக் குற்றமில்ல, வெளிய இருந்து பாத்தா தெரியாது."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"சரி, நான் இப்ப எப்பிடிப் போவேன்?"

அண்ணன் கண்ணை மூடினார். தெருவிலுள்ள ஒவ்வொரு போர்ட்டிகோவாக அவர் மனதுக்குள் நடந்து போவது தெரிந்தது. "வாத்தியாருக்க வண்டி, வேண்டாம். கோழிக்கடைக்காரனுக்கது, அதவிட மோசம். இந்தத் தெருவுல தைரியமா கேரளத்துக்குள்ள கொண்டு போவதுக்கு ஒரே வண்டிதான் உண்டு" என்று சொல்லிவிட்டுக் கணக்கு டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

பேசாத டீச்சரிடம் என்ன பேசினாரோ, ஐந்தே நிமிடத்தில் டீச்சர் சீட் பெல்ட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வேறு யாரிடமும் சாவி கொடுக்க மாட்டாராம். பெட்டிகளை அதற்கு மாற்றி வைத்து, அத்தானும் அக்காவும் ஏறினார்கள். போகும்போது அத்தான் தலையை வெளியே நீட்டி, "பெல்ட்ட மாத்திப் போடு, நான் அனுப்பித் தருகேன்" என்றார். அரை மணி நேரம் கழித்து அக்கா போனில் கிசுகிசுத்தாள்: "லேய், டீச்சர் மூணாம் கியருக்கு மேல போடமாட்டேங்கா. பஸ்ஸெல்லாம் எங்களத் தாண்டிப் போவுது." ஆனாலும் கவுண்டர் மூடுவதற்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டார். டீச்சருக்குத் தெரியாத கணக்கா?

இங்கே நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணப் போனேன். ஒர்க்‌ஷாப் ஒரு கிலோமீட்டர்தானே. அண்ணன் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். "தள்ளு."

நான் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்து தள்ள, அவர் பின்னாலிருந்து தள்ளினார். வழி நெடுக ஆட்கள். எல்லாரும் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன ரீடிங்கு, பெல்ட்டா? எத்தன ஓடினது?"

ஒவ்வொரு முறையும் அவர் மூச்சை இழுத்து, "மீட்டர்ல நாப்பத்தஞ்சு காட்டுது" என்றார். அந்த 'மீட்டர்ல' என்ற வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் முகம் கசாயம் குடித்தது மாதிரி ஆனது. ஏற்றத்தில் தள்ளியதைவிட அதற்குத்தான் அவருக்கு அதிகம் மூச்சு வாங்கியது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வாரை உருவி எடுத்தான். இன்னும் நாலு பல் அவன் உள்ளங்கையிலேயே உதிர்ந்தது. நான் அண்ணனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இனியும் பன்னெண்டு வீடு கெடக்கு மக்கா" என்று நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் அத்தானின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "எறங்கியாச்சு மக்கா. நீ ஒண்ணும் வெசனப்படாத. வண்டி நல்ல வண்டிதான். உனக்க மேல எனக்கு நம்பிக்க உண்டு."

இரண்டு மாதமாக நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். ரீடிங் அண்ணன் இன்றைக்கும் வந்தார். கரண்டு ரீடிங்கை எழுதினார். காரின் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அதனால்தான் இவ்வளவையும் எழுதி ஜெபினுக்கு அனுப்பி வைத்தேன். 'பிழை பார்த்துத் தா. பத்திரிகைக்கு அனுப்பட்டுமா வேண்டாமா? அத்தான் இதைப் படித்தால் நான் தொலைந்தேன்' என்று கூடவே கேட்டிருந்தேன்.

அவன் பிழை எதுவும் திருத்தவில்லை. ஒரே வரி போட்டான்:

"அனுப்புலே, அந்த மனுஷன் பாவம், எத்தன நாளு ஒரு ரீடிங்கச் சொல்லாம வயித்துக்குள்ள வச்சிட்டு சைக்கிள் மிதிப்பாரு?"